கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க மதினி. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்க. கம்பி பூரா இரும்புல்லா. நீங்களும் அதுல கைய வைக்காதிய. சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதிய. பஸ்ஸுக்குள்ள இருக்கவங்கள இடி ஒண்ணும் செய்யாதுன்னு எம்மவ சொல்லுவா. சுத்திலும் தகரம், மின்னல் அது வழியாவே கீழ போயிருமாம். படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா இந்த நெஞ்சு கேக்கணும்லா.

அர்ச்சுனா, அர்ச்சுனா! பாத்தியளா எப்படி வெட்டுதுன்னு. இப்ப இடிக்கும் பாருங்க. காதப் பொத்திக்கிடுங்க.

போயிட்டு. மலைப்பக்கம் போயிட்டு. நான் பேசிக்கிட்டே வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா? பேசாம இருந்தேன்னா எனக்கு இடிச் சத்தம் மட்டுந்தான் காதுல கேக்கும். நான் எறங்குத ஸ்டாப்பு மேலக்கரை. இந்த மழைல எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நீங்க எனக்கு ஒரு துணையா இருங்க, புண்ணியமாப் போவும்.

மடில இருக்க பொட்டியா? இது கார்டு, காவல் காக்குத கார்டு. ஸ்பைக் கார்டும்பாவ, சர்ஜ் கார்டும்பாவ. கம்ப்யூட்டர் வயரெல்லாம் இதுல சொருகணும். இதத்தான் சுவத்துல சொருகணும். இடி இடிச்சு வயர் வழியா கரண்ட் கிறுக்குப் பிடிச்ச மாதிரி பாஞ்சு வரும்லா, அத இது மறிச்சுத் தன் மேல வாங்கிக்கிடும். செண்பகம் அண்ணாச்சி கடைல இப்பத்தான் வாங்கிட்டு வாரேன். இந்த வருசம் வாங்குதது இது மூணாவது. ஏன் மூணுன்னு கேளுங்க.

எம்பேரு காந்திமதி. அங்கன்வாடில ஆயாவா இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேன். எங்க வீட்டுக்காரரு, அவ்வொ தவறிப் போய் நாலு வருசமாச்சு. ஒரே ஒரு மவ, வள்ளிநாயகி. நாயகின்னு கூப்பிடுவேன். அவ வீட்டுல இருந்தே ஆபீஸ் வேல பாக்கா. வெளிநாட்டு ஆஸ்பத்திரில டாக்டர்மாரு நோயாளியப் பாத்துட்டு, இன்ன நோவு, இன்ன மருந்துன்னு வாயால சொல்லி வைப்பாவளாம். அத இவ காதுல மிசின மாட்டிக் கேட்டுக் கேட்டு டைப் அடிச்சு அனுப்பணும். கரோனா சமயத்துல சென்னைல இருந்து வந்தவ, அப்படியே இங்கயே இருந்துட்டா. ஆபீஸ்ல மத்த பிள்ளைகளெல்லாம் திரும்பிப் போயிட்டாவ. இவ மட்டும், எங்கம்மா ஒத்தைல இருக்கா, நான் இங்க இருந்தே பாக்கேன்னு எழுதிக் கேட்டா. அவங்களும் சரின்னுட்டாவ. ஆனா ஒரு கண்டிசன். வருசத்துல மூணு தடவ வேல பாதில அந்து போச்சுன்னா, மூட்டையக் கட்டிக்கிட்டு சென்னைக்கு வந்துரணும்.

அந்த மூணுதான் மதினி என் உசிர எடுக்கு.

எனக்கு இடின்னா பயம். எல்லாருக்கும் பயந்தான், எனக்கு அதுக்கும் மேல. எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கக்கா சண்முகவடிவும் நானும் களை பறிக்கப் போயிருந்தோம். அவளுக்குப் பதினஞ்சு. ஐப்பசி மாசந்தான், இதே மாதிரி மூணு மணி இருக்கும். மழைக்கு அவ வேப்பமரத்து மூட்டுல ஒதுங்கி நின்னா. நான் வரப்புல நின்னு, வாக்கா ஓடிருவோம்னு கூப்பிட்டேன். திரும்பி என்னப் பாத்துச் சிரிச்சா. அவ்வளவுதான். பத்தடி தூரத்துல நான் நிக்கேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. அவ காது ரெண்டும் கருத்துப் போயிருந்துச்சு, அத மட்டும் இன்னைக்கும் மறக்க முடியல.

அதனால எங்க வீட்டுல வானம் கருத்தாலே நான் எந்திரிச்சிருவேன். டிவி வயரப் புடுங்குவேன், மிக்சிய, கிரைண்டரப் புடுங்குவேன், கடைசில மெயினையே இறக்கிருவேன். அவ்வொ இருக்கப்பவே, "நீ என்ன ஈ.பி. ஆபீஸ்ல வேல பாக்கியா, எப்பப் பாத்தாலும் லைன ஆஃப் பண்ணுத"ன்னு கேலி பேசுவாவ. பேசட்டும். எங்க வீட்டுல ஒரு சாமானும் இடிக்குப் போனதில்ல, கேட்டுக்கிடுங்க. நாயகி ஆபீஸ மடிக்குள்ள கட்டிக்கிட்டு வந்து மாடி ரூம்ல உக்காந்த பொறவுதான் எல்லாச் சீரழிவும்.

முதல் தடவ போனது சித்திரைல. கோட மழை. நான் சொசைட்டிக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். அவ கம்ப்யூட்டரு, டிவி மாதிரி ரெண்டு, நெட்டுப் பொட்டி, எல்லாத்தையும் ஒரு பாக்சுல சொருகியிருந்தா. அந்த பாக்ச நான்தான் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல வாங்கினேன். சொருகுனா செவப்பு, ஊதா, பச்சைன்னு வரிசையா லைட்டு எரியும். இத்தன லைட்டு எரிஞ்சா நல்ல சாமானாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுத் தென்னைல இடி விழுந்துட்டு. நான் வந்து பாக்கேன், ரூம்ல ஒரே பொசுங்கின நாத்தம். நாயகி நடு வீட்டுல நிக்கா, மூஞ்சில ரத்தமே இல்ல. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல, தாயே உலகம்மா, ஒண்ணும் ஆவல. கம்ப்யூட்டர் போயிட்டு. நெட்டுப் பொட்டி உருகிப் போயிட்டு. ஆபீஸ்ல ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாவ.

அப்பத்தான் செண்பகம் அண்ணாச்சி கடைக்கு அவளும் நானும் போனோம். அவரு அந்தப் பிளாட்பார பாக்ச ஸ்குரூ கழத்திக் காட்டுனாரு. உள்ள ஒண்ணுமே இல்ல மதினி. ரெண்டு தகடும் ஒரு சின்ன பியூசும். "இது நாலு சொருகு சொருகுததுக்கு உள்ள பாக்சு. இடிக்கு இது கதவத் திறந்து வாங்கன்னு சொல்லும்"னாரு. பொறவு ஒரு நல்ல கார்ட எடுத்து வச்சாரு. "எவ்வளவு கரண்டு தாங்கும்னு பொட்டில நம்பர் போட்டிருக்கும், அதப் பாத்து வாங்கணும். நெட்டு வயரையும் இதுக்குள்ள விட்டுத்தான் எடுக்கணும், இடி அது வழியாவும் வரும். எல்லாத்துக்கும் மேல வீட்டுல எர்த்து சரியா இருக்கணும், இல்லன்னா இது வாங்குன கரண்டக் கொண்டு போய் எங்க கொட்டும்?"னு கேட்டாரு. எங்க வீட்டு எர்த்து வயரு, வெள்ளையடிக்க வந்தவன் ஏணி இடிக்குன்னு அத்துப் போட்டுட்டுப் போயிருக்கான். எத்தன வருசமாச்சோ, யாரு கண்டா. ஆளக் கூட்டியாந்து குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதுசாப் பதிச்சோம். அன்னைல இருந்து தெனமும் ஒரு கொடம் தண்ணி அந்தக் குழில ஊத்துதேன். முல்லைச் செடிக்குக் கூட ஊத்த மறந்துருவேன், அதுக்கு மறக்க மாட்டேன்.

இதுவரைக்கும் எம்மேல தப்பு இருக்கா? சொல்லுங்க. இல்லல்லா.

ஐயோ, பாருங்க மறுபடி வெட்டுது. அர்ச்சுனா, அர்ச்சுனா. கண்டக்டர் தம்பி, அந்த ஷட்டர எறக்கிவிடப்பா! எறக்கிவிட்டாச்சா. நல்லாயிருப்ப.

எங்க விட்டேன்? கார்டு. அந்தக் கார்டுல ஓரத்துல பச்ச லைட்டு ஒண்ணு, உளுந்து அளவுக்குத்தான் இருக்கும். அது எரிஞ்சா கார்டுக்கு உசிர் இருக்குன்னு அர்த்தமாம். பெரிய இடி ஒண்ண வாங்குச்சுன்னா அதோட அது சக்தி தீந்துருமாம். லைட்டு அணஞ்சிரும், ஆனா கரண்டு வழக்கம் போல வந்துக்கிட்டேதான் இருக்கும். அதனால லைட்டு அணஞ்சிருந்தா ஒடனே மாத்திரணும்னு நாயகிட்ட அவரு சொல்லியிருக்காரு. ஏன்ட்ட யாரும் சொல்லல. கேட்டுக்கிடுங்க, ஏன்ட்ட யாருமே சொல்லல.

புரட்டாசில ஆயுத பூச வந்துச்சு. நான் வீட்டுல ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வைப்பேன். அருவாமனைக்கு வச்சேன், கிரைண்டருக்கு வச்சேன், தையல் மிசினுக்கு வச்சேன். மாடிக்குப் போய் கம்ப்யூட்டருக்கு வச்சேன், டைப் அடிக்கத பலகைக்கு வச்சேன். இந்தக் கார்டும் பாவம், பிள்ளையக் காப்பாத்துத சாமான், அதுக்கு வைக்காம இருப்பமா? நல்லா சந்தனத்தக் குழைச்சு, மேல குங்குமம் வச்சேன். எங்க வச்சேன்னு நெனைக்கிய? அந்தப் பச்ச லைட்டு மேலயே வச்சுட்டேன். நெத்தி மாதிரி அந்த எடந்தான் வாகா இருந்துச்சு.

வச்ச பொட்ட அழிப்பமா நம்ம? அதுவா உதுந்தாத்தான் உண்டு. நாயகி மேசைக்கு அடில கெடக்கதக் குனிஞ்சு பாக்கவும் இல்ல, அவளுக்கு அதுக்கு நேரமும் இல்ல. ஐப்பசி பொறந்ததும் ஒரு இடி. வீட்டுல ஒண்ணும் ஆகல. நான் கார்டத் தொட்டுக் கும்பிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு இடி. கம்ப்யூட்டர் டப்புன்னு போயிட்டு.

செண்பகம் அண்ணாச்சி ஆள் வந்து அந்தச் சந்தனத்த நகத்தால சொரண்டுனான். உள்ள லைட்டு செத்துப் போய்க் கெடக்கு. முத இடிலயே அது போயிட்டாம். எங்க எல்லாரையும் காப்பாத்திட்டுப் போயிட்டு, நாங்க அதுக்குப் பொறவும் எட்டு நாளு பொணத்துல வயரச் சொருகி வச்சிருந்திருக்கோம். நாயகி ஒரு நிமிசம் என்னப் பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சா மதினி. "எம்மா, நல்ல வேள எனக்குக் கண்ணு மேல பொட்டு வைக்காம நெத்தில வச்சியே"ன்னா. அவ சிரிக்கா, நான் விரல விட்டு எண்ணிக்கிட்டு நிக்கேன். ரெண்டாச்சுல்லா. அந்த அண்ணாச்சி, வாங்கும்போதே, ஏம்மா இதுல பொட்டு கிட்டு வச்சிராதியன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணுமா வேண்டாமா? இத்தன வருசம் கட வச்சிருக்காரு, நம்ம ஊருல ஆயுத பூச வருமுன்னு தெரியாதா?

ரெண்டானதும் அவ என்னக் கீழ உக்கார வச்சா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "எம்மா, புதுக் கார்டு வாங்கியாச்சு, எர்த்து இருக்கு, இன்வெர்ட்டர் இருக்கு. எவ்வளவு பெரிய இடி இடிச்சாலும் நீ மெயின் பக்கம் போகக் கூடாது. இன்னொரு தடவ அந்துபோச்சுன்னா நான் போயிரணும். ஞாபகம் வச்சுக்கோ"ன்னா. நான் சாமி மேல சத்தியம் பண்ணுனேன்.

இப்ப நான் உங்கட்ட ஒண்ணு சொல்லப் போறேன். வெளிய சொல்லிராதிய. இது அவளுக்குத் தெரியாதுன்னுதான் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

போன செவ்வாக்கெழம. மூணு மணிக்கு மழை பிடிச்சிட்டு. நான் அடுக்களைல கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன், கை எதாவது செஞ்சா மனசு அடங்குமுன்னு. ஒரு இடி. போகலன்னு பல்லக் கடிச்சேன். ரெண்டு இடி. சமையக்கட்டுக் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது இடி விழுந்துட்டு பாருங்க, கூரை ஓடெல்லாம் அதுந்துபோச்சு. நான் ஓடிப்போய் மாடிப்படில நின்னு பாத்தேன். நாயகி அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்திருக்கா. காது ரெண்டுலயும் அந்தக் கருப்பு மிசின மாட்டியிருக்கா. அதுல இருந்து வயரு நேரா கம்ப்யூட்டருக்குப் போகுது. நாயகின்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. பாத்துச் சிரிச்சா.

மதினி, எனக்கு எங்கக்கா நிக்கது மாதிரியே இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன், நான் எதையும் யோசிக்கல. கீழ எப்படி எறங்குனேன்னு தெரியல. மெயின எறக்கிட்டேன். அது போதாதுன்னு இன்வெர்ட்டர் சுவிட்சையும் அமுக்கிட்டேன். வீடு பூரா இருட்டாயிட்டு, அந்த இருட்டுலதான் எனக்கு மூச்சே வந்துச்சு. எம்பிள்ள பொழச்சிட்டான்னு நெனச்சேன். பொறவு மேல இருந்து "ஐயோ"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டதும்தான் நான் என்ன செஞ்சேன்னே எனக்கு ஒறச்சது. ஓடிப்போய் ரெண்டையும் திரும்பப் போட்டேன்.

அவசரக் கேசு ஒண்ணு டைப் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அது பாதில போயிட்டு. கீழ எறங்கி வந்து, "எம்மா, என்னாச்சு?"ன்னா. நான், "இடி விழுந்துட்டு நாயகி, நம்ம வீட்டு மேலதான் விழுந்துட்டு போல"ன்னேன். வாய் கூசாமச் சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுதிய? அவ மெயின் பொட்டிப் பக்கம் போனா, கொஞ்ச நேரம் நின்னா, பொறவு மாடிக்குப் போயிட்டா. ராத்திரி கொழுக்கட்டைய நல்லாத் தின்னா. ஒண்ணுமே கேக்கல.

எட்டு நாளா எனக்கு உறக்கம் இல்ல. மூணாச்சே, போயிருவாளே, போயிருவாளேன்னு அதே நெனப்பு. அவளும் ஒண்ணும் சொல்லல. ஒருவேள ஆபீஸ்ல பொறுத்துக்கிட்டாவ போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். இன்னைக்குக் காலைல, "எம்மா, செண்பகம் அண்ணாச்சி கடைக்குப் போய் இன்னொரு கார்டு வாங்கிட்டு வாரியா? அங்க போனதும் எனக்குப் போன் போடச் சொல்லு, எது வேணும்னு நான் சொல்லுதேன்"னா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! கம்ப்யூட்டருக்கு இன்னும் ஒரு கார்டு வாங்குதான்னா, கம்ப்யூட்டர் இங்கதான இருக்கப் போகுது? வானம் கருக்கு, கையில கொடை இல்ல, ஆனா நான் பறந்தடிச்சு வந்தேன். வார வழில கோயில் வாசல்ல நின்னு ஒரு தேங்கா நேந்துக்கிட்டேன்.

கடைல கூட்டமான கூட்டம். போன வாரம் இடிச்ச இடில எல்லாரும் எதையாவது பொசுக்கிட்டு வந்து நிக்காவ. நான் முன்னால போய், "அண்ணாச்சி, இருக்கதுலயே நல்லதா, பெருசா எடுங்க. எம்மவ கம்ப்யூட்டருக்கு"ன்னேன். அவரு, "என்னென்ன சொருகணும், எத்தன சொருகணும்னு தெரிஞ்சாத்தானம்மா குடுக்க முடியும்?"னு அவரு போன்லயே அவளக் கூப்பிட்டாரு. கடைச் சத்தத்துல கேக்கணுமேன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு.

"என்னென்ன சொருகணும் பாப்பா?"ன்னாரு.

"ஃபிரிட்ஜு அண்ணாச்சி. டிவி. அவ்வளவுதான்"னா.

"கம்ப்யூட்டருக்குன்னு அம்மா சொல்லுதாவளே."

"கம்ப்யூட்டர் என்கூட வருது அண்ணாச்சி. வார பத்தாந்தேதி நான் சென்னை போறேன். அம்மா ஒத்தைல இருப்பாவ, ஃபிரிட்ஜும் டிவியும் இடிக்குப் போயிறக் கூடாது. அம்மாட்ட நான் இன்னும் சொல்லல. நீங்க சொல்லிராதிய."

கடைல இருந்த அத்தன பேரும் என்னப் பாத்தாவ மதினி. அண்ணாச்சி பட்டுன்னு ஸ்பீக்கர அமத்துனாரு. அமத்தி என்னத்துக்கு, எல்லாத்தையும் கேட்டாச்சே. நான் அவரு கையில இருந்து போன வாங்கினேன். "நாயகி"ன்னேன்.

"எம்மா... நீ கேட்டுட்டியா?"

"நாயகி, அன்னைக்கு இடி இல்லட்டி. நான்தான். நான்தான் மெயின எறக்குனேன். ஆபீஸ்ல நான் பேசுதேன், நம்பரக் குடு, இல்லன்னா நீயே, எங்கம்மா கிறுக்கச்சி, அவ செஞ்ச தப்புக்கு என்னய ஏன் கூப்பிடுதியன்னு கேளு."

நாற்காலி நகருத சத்தம் கேட்டுச்சு. பொறவு, "தெரியும்மா"ன்னா. "மெயின் லிவர்ல மாவு ஒட்டியிருந்துச்சு. இன்வெர்ட்டர் சுவிட்சுலயும் இருந்துச்சு. இடி மாவு பிசையாதுல்லாம்மா"ன்னா. சிரிக்க மாதிரிதான் சொன்னா. "நான் தொடச்சிட்டேன். ஆபீஸுக்கு இடின்னுதான் எழுதிக் குடுத்தேன்."

"ஏன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாட்டி?"

"கேட்டா நீ அழுவம்மா. அழுதுட்டு, அடுத்த இடிக்கு மறுபடியும் ஓடிப்போய் எறக்குவ."

ஆமா மதினி. எறக்குவேன். அவ சொன்னது நெசந்தான். ஆனா ஒண்ணு மட்டும் நியாயத்தச் சொல்லுங்க. அந்தக் காதுல வயரோட எம்பிள்ள உக்காந்திருக்கப்ப நான் எப்படிச் சும்மா இருப்பேன்? ஆபீஸ்காரனுக்கு அவ போனா இன்னொருத்தி. எனக்கு அப்படியா? இத யாரும் யோசிக்க மாட்டேங்காவ. எல்லாரும் கம்ப்யூட்டரப் பத்தியே பேசுதாவ.

போவாதன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கடை பூரா ஆளு நிக்கு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன், நீ நனையாம வா, பஸ்லயே வா, ஆட்டோ வேண்டாம்"னா. போன வச்சிட்டா.

செண்பகம் அண்ணாச்சி ஒரு சின்னக் கார்ட எடுத்து வச்சாரு, ரெண்டு சொருகு உள்ளது. "ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் இது போதும்மா"ன்னாரு. நான், "அது வேண்டாம், ஆறு சொருகு உள்ளதக் குடுங்க, நெட்டு வயர் விடுத ஓட்டையும் இருக்கணும்"னேன். "ஆறு எதுக்கும்மா உங்களுக்கு?"ன்னாரு. "பொங்கலுக்கு வருவாள்லா. வந்தா சொருக வேண்டாமா?"ன்னேன். எடுத்துச் சொருகி, பச்ச லைட்டு எரியுதான்னு ரெண்டு மூணு தடவ பாத்தாரு. பொறவு கட்டிக் குடுத்தாரு. எங்கயாவது பொட்டு வச்சா அடிப்பக்கம் வைங்கன்னு சொன்னாரு. இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா அந்த மனுசன்.

ஐயோ! அம்மாடி! இது பக்கத்துல விழுந்துட்டு. பக்கத்துலதான். முன்னால கண்ணாடில பாருங்க, வெளிய விளக்கெல்லாம் போயிட்டு. உங்க கையப் பிடிச்சிட்டேன், கோவிச்சுக்கிடாதிய. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிடுதேன்.

நாயகி இப்ப வீட்டுல உக்காந்து டைப் அடிச்சுக்கிட்டு இருப்பா. மெயின எறக்க ஆளில்ல, நான்தான் பஸ்ல இருக்கேனே. நிம்மதியா வேல பாப்பா. அத நெனச்சா எனக்குச் சிரிப்பு வருது, பாருங்க.

இன்னும் ஒன்பது நாளு இருக்கு. அதுக்குப் பொறவு, இடி இடிச்சா நான் எப்ப வேணும்னாலும் மெயின எறக்கலாம். நாள் பூரா எறக்கியே போட்டிருக்கலாம். ஏன்னு ஒரு பயலும் கேக்க மாட்டான். மேல இருந்து "ஐயோ"ன்னு சத்தம் வராது. எத்தன வருசமா நான் ஆசப்பட்டது இதுதான. கரண்டு இல்லாத வீடு, வயருல ஒண்ணும் ஓடாது, இடிக்கு அங்க எடுத்துட்டுப் போக ஒண்ணுமே இருக்காது. அப்ப எனக்குப் பயமே இருக்கக் கூடாதுல்லா மதினி? ஆனா நெனச்சுப் பாத்தா, இப்பத்தான் பயம் கூடுது. அந்த இருட்டுல நான் யாரக் கூப்பிடுவேன்? நாயகின்னு கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பா?

மேலக்கரை வந்துட்டு. தம்பி, எறங்கணும், கொஞ்சம் நிப்பாட்டுப்பா! இந்தா எந்திரிச்சிட்டேன்.

மதினி, நீங்க எந்த ஊருன்னு கூட நான் கேக்கல பாருங்க. உங்க நம்பரச் சொல்லுங்களேன், சீக்கிரம் சொல்லுங்க, மனசுல வச்சுக்கிடுதேன், எனக்கு நம்பர் மறக்காது. பத்தாந்தேதிக்குப் பொறவு இடி இடிச்சா ஒரு போன் போடட்டுமா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எடுத்து, "ஆங், இருக்கேன்"னு மட்டும் சொன்னாப் போதும்.